பில்பாக்ஸ் தேடி ஒரு நடை: 1940-இன் கான்கிரீட் அரண்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஆற்றங்கரையிலோ கால்வாய் ஓரத்திலோ நடந்திருந்தால், ஐவிக் கொடி மூடிய, ஆறு பக்கம் கொண்ட சாம்பல் நிறக் கட்டடம் ஒன்றைக் கடந்து போயிருப்பீர்கள். பம்ப் ஷெட் என்றோ, மாட்டுக்கு வைக்கோல் போடும் இடம் என்றோ நினைத்திருக்கலாம். சுவரில் குறுகலான துளைகள் இருந்தால் அது பெரும்பாலும் பில்பாக்ஸ். ஜெர்மன் படை எந்த வாரமும் கரையிறங்கலாம் என்று நாடே காத்திருந்த 1940 கோடையில், அவசர அவசரமாக எழுப்பிய துப்பாக்கி அரண். சுமார் 28,000 கட்டப்பட்டன, அவற்றில் ஆறாயிரத்துச் சொச்சம் இன்னும் நிற்கின்றன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இவற்றைத் தேடிப் பார்க்கப் பெரிய செலவு கிடையாது. ஆனால் எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். நாலைந்து துளை, உள்ளே குப்பை, பியர் டப்பா, அவ்வளவுதானா என்று திரும்பிவிடுவீர்கள். அந்தக் கட்டடம் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. கீழே நான் சொல்லும் எல்லாப் படிகளும் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

முதல் படி: அந்தக் கோடைகாலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கிர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 வீரர்கள் இங்கிலாந்துக்கு மீட்கப்பட்டார்கள். ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். டாங்கிகளும் பீரங்கிகளும் லாரிகளும் பிரான்சிலேயே கிடந்தன. உள்நாட்டுப் படைகளின் தலைமை மே 27 அன்று ஜெனரல் எட்மண்ட் அயர்ன்சைடிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓடித் திரிந்து சண்டை போட அவரிடம் போதிய வாகனமும் கவசமும் இல்லை. அதனால் நிலத்தையே ஆயுதமாக்க நினைத்தார். கடற்கரையில் ஓர் அரண் வரிசை. அதைத் தாண்டி வருபவனைத் தாமதப்படுத்த உள்நாட்டில் அடுத்தடுத்துத் தடுப்புக் கோடுகள். அவற்றில் முக்கியமானது லண்டனையும் நடுநாட்டுத் தொழில் நகரங்களையும் காக்கும் ஜிஹெச்க்யூ (ராணுவத் தலைமையகம்) கோடு. மொத்தம் 50 கோடுகள் போல நாடு முழுக்கத் திட்டமிடப்பட்டன.

ராணுவத்தின் கட்டுமானத் துறையில் எஃப்டபிள்யூ3 என்ற பிரிவு அரண்களுக்கு மாதிரி வரைபடங்கள் தயாரித்து ஜூன் மாதத்தில் அனுப்பியது. ராணுவப் பொறியாளர்கள் மேற்பார்வை பார்க்க, ஊர் ஊராக இருந்த சாதாரண கட்டட ஒப்பந்தக்காரர்கள்தான் வேலையைச் செய்தார்கள். முந்தின மாதம் வரை வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கையில் கிடைத்த செங்கல், மணல், ஜல்லியை வைத்துக் கட்டினார்கள். ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தும் ஊருக்கு ஊர் இவை வேறுபடுவதற்குக் காரணம் அதுதான்.

ஜூலை 19 அன்று அயர்ன்சைடு போய் ஆலன் புரூக் வந்தார். அசையாமல் உட்கார்ந்து காக்கும் கோடுகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை, நகரும் படையே வேண்டும் என்றார். தொடங்கிய வேலைகள் பல இடங்களில் தொடர்ந்தாலும் வேகம் குறைந்தது. செப்டம்பர் 17 அன்று ஹிட்லர் படையெடுப்பைத் தள்ளிப்போட்டார். ஆக, நீங்கள் பார்க்கப்போகும் அரண்களில் பெரும்பாலானவை சில மாத காலத்துக்குள் எழுந்தவை. எந்தப் படைக்காக இவற்றைக் கட்டினார்களோ அந்தப் படை கடைசிவரை வரவேயில்லை.

இரண்டாவது படி: அரணைத் தேடாதீர்கள், கோட்டைத் தேடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் வரைபடத்தில் ஏதோ ஒரு புள்ளியைப் பிடித்து அங்கே போய் நிற்பார்கள். அதைவிட, ஒரு தடுப்புக் கோட்டின் ஐந்தாறு கிலோமீட்டர் துண்டைத் தேர்ந்தெடுத்து நடங்கள். ஒற்றை அரணில் புரியாதது நாலு அரண்களைத் தொடர்ந்து பார்த்தால் தானாகப் புரியும்.

டாங்கியை நிறுத்த ஆழமான நீரும் செங்குத்தான கரையும் வேண்டும். எனவே கோடுகள் ஆறு, கால்வாய், ரயில் மேட்டுக்கரை ஆகியவற்றை ஒட்டியே போகும். டெவன் மாவட்டத்தின் தென்கரையில் ஆக்ஸ் ஆறு கடலில் சேருமிடத்திலிருந்து வடக்கே பிரிட்ஜ்வாட்டர் விரிகுடா வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் டான்டன் தடுப்புக் கோடு நல்ல உதாரணம். ஆறு இருக்குமிடத்தில் ஆற்றையும், கால்வாய் வந்தால் கால்வாயையும், அதுவும் இல்லையென்றால் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டு போகிறது. எதிரி டெவன், கார்ன்வால் பக்கம் இறங்கிக் கிழக்கு நோக்கி வருவான் என்ற கணிப்பில் போட்டது. அதனால் இதன் அரண்கள் பெரும்பாலும் மேற்கைப் பார்த்திருக்கும்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய தேடல் இது. பிரிட்டிஷ் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் ‘பில்பாக்ஸ்’ என்றே அச்சிட்டிருப்பார்கள். அடுத்து, ‘டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்’ திட்டத்தின் தரவுத்தளம். 1995 முதல் 2002 வரை பிரிட்டிஷ் தொல்லியல் மன்றம் நடத்திய இந்தத் திட்டத்தில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஏறத்தாழ 20,000 இடங்களை நேரில் போய்ப் பதிவு செய்தார்கள். ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கணக்காளர், ஆசிரியர், ஓய்வுபெற்றவர் என்று யார் யாரோ வார இறுதியில் முட்புதருக்குள் புகுந்து எடுத்த குறிப்புகள் அவை. அந்த உழைப்பு இல்லையென்றால் நாம் இன்று எங்கே தேடுவது என்றே தெரியாமல் நின்றிருப்போம்.

ஆனால் அந்தப் பதிவுகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் வயதாகிவிட்டது. அப்போது நின்றது இப்போது இடிந்திருக்கலாம். அதனால் செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை சரிபாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களைக் காட்டும் வசதியைத் திறந்தால் இங்கிலாந்தின் சில பகுதிகளுக்கு 1945-இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களே கிடைக்கும். இன்று வெறும் வயலாக இருக்குமிடத்தில் அன்று வெட்டிய டாங்கித் தடுப்புக் குழி வளைந்து வளைந்து போவது அதில் தெளிவாகத் தெரியும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய சர்வே வரைபடங்களை இன்றைய படத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். அதில் இங்கிலாந்தும் உண்டு.

மூன்றாவது படி: யாருடைய நிலம் என்று பாருங்கள்

பெரும்பாலான பில்பாக்ஸ்கள் தனியார் வயலில் நிற்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைபாதை உரிமை உள்ள வழிகள் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடாக இருக்கும். அந்தக் கோட்டின் மேல் நடக்கும் வரை உங்களை யாரும் கேட்க முடியாது. அதை விட்டு விலகி வயலுக்குள் இறங்கினால் அனுமதி வேண்டும். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். “உங்கள் வயலில் இருக்கும் பில்பாக்ஸைப் பார்க்கலாமா?” என்று மரியாதையாகக் கேட்டால் பலரும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். தாத்தா காலத்தில் அது எப்படி வந்தது என்ற கதையும் கிடைக்கலாம். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான திறந்த நிலத்தில் நடக்கலாம். ஆனால் கட்டடங்களுக்கு அந்த உரிமை பொருந்தாது.

திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டு வருவது இங்கே எழுதாத ஒழுக்கம் இல்லை, நாட்டுப்புற நடத்தை விதியிலேயே எழுதியிருக்கிறது. கன்றோடு நிற்கும் மாடுகளின் நடுவே போகாதீர்கள். நாய் கூட வந்தால் இன்னும் கவனம்.

சில அரண்கள் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. வரலாற்றுச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தளத்தில் தேடினால் தெரியும். பட்டியலிட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்துவதும், அனுமதியின்றி அங்கே உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பட்டியலில் இல்லாததிலும் எதையும் தோண்டி எடுக்காதீர்கள். ஒரு துருப்பிடித்த ஆணிகூட அது இருந்த இடத்தில் இருந்தால்தான் சாட்சி.

நான்காவது படி: எப்போது போவது, எதை எடுத்துப்போவது

இலை உதிர்ந்த காலம்தான் வெளியிலிருந்து பார்க்க ஏற்றது. ஜூலையில் போனால் ஆளுயர நெட்டில் செடியும் பிராம்பிள் முள்ளும் சுவரையே மறைத்துவிடும். நெட்டில் நம் ஊர்க் காஞ்சொறி மாதிரியே அரிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அதே இடம் மொட்டையாக, சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும்படி இருக்கும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வௌவால்கள் குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் காலம். குளிர்ச்சியும் ஈரமும் மாறாமல் இருக்கும் பில்பாக்ஸ் அவற்றுக்குப் பிடித்தமான இடம். பல அரண்களின் துளைகளை அடைத்து, கதவில் கம்பி வலை போட்டு, வௌவால்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். பிரிட்டனில் எல்லா வௌவால் இனமும் சட்டப் பாதுகாப்பு பெற்றது, உறங்கும் இடத்தில் தொந்தரவு செய்தால் வழக்கு வரும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நடுக்குளிரில் விழித்த வௌவால் சேமித்த கொழுப்பையெல்லாம் எரித்துவிட்டு வசந்தம் வரை தாங்காமல் செத்துப்போகக்கூடும். எனவே குளிர்காலத்தில் வெளியே சுற்றிப் பாருங்கள், உள்ளே போகாதீர்கள். உள்ளே பார்க்க ஏப்ரல் கடைசியோ செப்டம்பரோ நல்லது. எந்த மாதமானாலும் கூரையில் வௌவால் தெரிந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.

கணுக்காலை மூடும் பூட்ஸ், முழுக்கால் பேண்ட், டார்ச், கையுறை, திசைகாட்டி, அளவு நாடா, நோட்டுப் புத்தகம். இவை போதும். உள்ளே நுழையும்முன் வாசலில் நின்று டார்ச் அடித்துத் தரையைப் பாருங்கள். உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த கம்பி, தேங்கிய நீர் எது வேண்டுமானாலும் இருக்கும். தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது, இறங்க வேண்டாம். கூரையிலிருந்து கான்கிரீட் உரிந்து கம்பி தொங்கும் அரணுக்குள் தலை வைக்கவே வேண்டாம். வீடு திரும்பியதும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் அதனால் பரவுகிறது. கடற்கரை மணலில் குண்டுபோல எதைக் கண்டாலும் தொடாமல் விலகி, 999-ஐ அழையுங்கள்.

ஐந்தாவது படி: பக்கங்களை எண்ணுங்கள்

வகை கண்டுபிடிக்க எளிய வழி, சுற்றி வந்து பக்கங்களை எண்ணுவது. வகைகளுக்கு எஃப்டபிள்யூ3 வரைபட எண்ணே பெயர். ஆறு பக்கமும் ஒரே நீளம் என்றால் டைப் 22. ஐந்து பக்கத்தில் துளை, ஆறாவதில் வாசல். ஆறு பக்கம், ஆனால் வாசல் இருக்கும் பின்சுவர் மட்டும் நீளம் என்றால் டைப் 24. இதுதான் நாடு முழுக்க அதிகம் கண்ணில் படுவது. பின்சுவர் நாலு மீட்டருக்குச் சற்று மேல், மற்றவை இரண்டு மீட்டரை ஒட்டி. வாசலின் இரண்டு பக்கமும் சின்னத் துளைகள் இருக்கும். மூன்று மீட்டர் சதுரம் என்றால் டைப் 26. வட்டமாக, நெளிந்த தகரத்தின் அச்சு சுவர் முழுக்கப் பதிந்திருந்தால் டைப் 25. நடுவில் கூரையில்லாத கிணறு போன்ற இடம் இருந்தால் டைப் 27, அங்கே விமானத்தைச் சுடும் இலகு இயந்திரத் துப்பாக்கியை வைத்தார்கள்.

சுவரின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் என்றால் துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும் தாங்கும். ஒரு மீட்டரை நெருங்கினால் பீரங்கிக் குண்டையும் மனத்தில் வைத்துக் கட்டியது. அதே டைப் 24 இரண்டு தடிமனிலும் உண்டு.

டைப் 28 இவற்றிலிருந்து விலகி நிற்கும். பெரியது, கிட்டத்தட்டச் சதுரம், முன் மூலைகள் இரண்டும் சீவினாற்போல் இருக்கும். பீரங்கி நுழையும்படி பின்பக்கம் அகலமான வாசல். டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கென்று வரைந்த ஒரே வகை இதுதான். இதற்கென நினைத்த இரண்டு பவுண்டர் (குண்டின் எடையை வைத்து வந்த பெயர்) பீரங்கிகளில் ஏராளமானவை பிரான்சில் போய்விட்டன. பல இடங்களில் முதல் உலகப் போர்க் கால ஆறு பவுண்டர் ஹாட்ச்கிஸ் பீரங்கியைத் தேடியெடுத்து வைத்தார்கள். அப்படி வைத்த அரணுக்குள் போனால், துளைக்கு நேர் கீழே கான்கிரீட்டிலிருந்து வட்டமாக நீட்டிக்கொண்டு நிற்கும் தடித்த போல்ட்டுகளைப் பார்க்கலாம். பீரங்கியை இறுக்கிய பிடி அது. பக்கத்தில் காலாட்படைக்கு ஓர் அறை சேர்ந்திருந்தால் டைப் 28ஏ.

இதில் எதிலும் அடங்காத உள்ளூர் வடிவங்கள் நிறைய. கிழக்கு யார்க்‌ஷயரில் இருபுறமும் காது வைத்ததுபோல் அறை நீட்டிய அரண், நார்தம்பர்லாந்தில் நீண்ட சாய்சதுர வடிவம் என்று பட்டியல் போகும். நார்ஃபோக்கில் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு வட்ட அரண் கண்ணில் பட்டால் நின்று கவனியுங்கள். அவற்றில் பல முதல் உலகப் போர்க் காலத்தவை.

இன்னொன்று. பாலத்துக்கோ சாலை முனைக்கோ அருகே, இடுப்பளவு உயரத்தில் தடித்த கான்கிரீட் உருளை ஒன்று தனியாக நின்று, அதன் உச்சியில் உலோகக் குமிழ் இருந்தால் அது பிளாக்கர் பாம்பார்ட் என்ற குண்டெறியும் கருவியின் பீடம். 1941-இல் ஹோம் கார்டு என்ற உள்ளூர்த் தன்னார்வப் படைக்குக் கொடுத்தது, ஒன்பது கிலோ குண்டை டாங்கியின் மேல் வீசும். பீடத்தைச் சுற்றியிருந்த குழி மண் மூடிப் போயிருக்கும். கான்கிரீட்டில் பாசி ஏறியிருக்கும். ஆனால் அந்தக் குமிழ் எவர்சில்வர். விரலால் ஈர மண்ணைத் துடைத்தால் எண்பது வருடம் கழித்தும் பளபளக்கும். சுழற்றிக் குறிவைக்க வசதியாகத் துருப்பிடிக்காத எஃகில் செய்தார்கள்.

ஆறாவது படி: சுவரைத் தொட்டுப் பாருங்கள்

நம் ஊரில் கட்டட வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சென்ட்ரிங் அடித்த பலகையின் தடம் அப்படியே சுவரில் இருக்கும். மரத்தின் ரேகை, கணு, பலகைக்குப் பலகை இருந்த இடைவெளியில் பிதுங்கிய கான்கிரீட் வரி எல்லாம் தெரியும். பலகைக்குத் தட்டுப்பாடு வந்த இடத்தில் செங்கல் சுவரையே சென்ட்ரிங்காக வைத்து உள்ளே கான்கிரீட் ஊற்றினார்கள். அந்தச் செங்கல் பிரிக்கப்படாமல் தோலாக நின்றுவிட்டது. ஆகவே செங்கல் தெரிந்தால் செங்கல் கட்டடம் என்று முடிவு கட்டாதீர்கள், துளைக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் கான்கிரீட் இருக்கும். கடலோர அரண்களில் உடைந்த மூலையைப் பாருங்கள். ஜல்லிக்குப் பதில் கடற்கரையின் உருண்டைக் கூழாங்கல், சில சமயம் சிப்பித் துண்டு. பக்கத்துக் கரையிலிருந்தே அள்ளிவந்திருக்கிறார்கள்.

உள்ளே நடுவில் ஒய் அல்லது டி வடிவில் ஒரு சுவர் இருக்கும். ஒரு துளை வழியே நுழைந்த குண்டு எதிர்ச்சுவரில் மோதித் தெறித்து மற்றவர்களைக் கொல்லாமல் தடுக்க அது. கூரையைத் தாங்குவதும் அதுதான். துளைகளில் பல வெளியிலிருந்து உள்ளே படிப்படியாக ஒடுங்கும். சாய்வாக விட்டால் அந்தச் சாய்வே குண்டை உள்ளே வழிகாட்டி அனுப்பிவிடும் என்பதால் படி. துளைக்குக் கீழே துப்பாக்கி வைக்கும் திண்டு. ஒருமுறை அங்கே குனிந்து உட்கார்ந்து பாருங்கள். இடம் எவ்வளவு நெருக்கம், வெளியுலகம் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று உடம்புக்கே விளங்கும்.

மறைப்பு வேலையின் மிச்சத்தையும் தேடுங்கள். நார்தம்பர்லாந்தின் டிரூரிட்ஜ் விரிகுடாவில் இடிந்த குடிசை போல வேடமிட்ட அரண் ஒன்று இருக்கிறது.

ஏழாவது படி: துளைக்குப் பின்னால் நின்று நிலத்தைப் படியுங்கள்

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள். முதலில் வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எதிரி வருவான் என்று நினைத்த திசைக்கு எதிர்ப்பக்கமாகவே பொதுவாக வாசல் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு துளையிலும் திசைகாட்டியை வைத்து அது எங்கே நோக்குகிறது என்று குறியுங்கள். அந்தத் திசையில் என்ன இருக்கிறது? பாலமா, ஆழமில்லாத ஆற்றுக் கடவா, சாலை வளைவா, ரயில் பாதையா? இன்று மரங்கள் மறைத்தால் பழைய வரைபடத்தைத் திறந்து அன்று வெட்டவெளியா என்று பாருங்கள்.

எதுவுமே தெரியாத திசையில் ஒரு துளை இருந்தால் அங்கே இன்னொரு அரண் இருந்திருக்கும், அல்லது இப்போதும் புதருக்குள் இருக்கும். ஒன்றை ஒன்று காக்கும்படி அமைத்தார்கள். முதல் அரணை நெருங்குபவனை இரண்டாவது சுடும். இப்படிக் கோணம் பிடித்துப் போய் வரைபடத்தில் இல்லாத அரணைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்குத் தெரிந்த பெரிய சந்தோஷம்.

அரண் தனியாக வேலை செய்யவில்லை. எதிரியை நிறுத்துவது தடை, நின்றவனைச் சுடுவது அரண். எனவே தடைகளையும் தேடுங்கள். ஆளுயரக் கான்கிரீட் கனசதுரங்கள், கூம்பிய ‘பிம்பிள்’கள், உருளைகள். பாலத்தின் இருபுறமும் வேலிக்குள் தள்ளிவிட்ட நிலையில் இன்னும் கிடக்கும். பிரிஸ்டல் பக்கத்திலிருந்து கிழக்கே வரும் ஜிஹெச்க்யூ கோட்டின் ஒரு பகுதி கென்னட் அண்ட் ஏவன் கால்வாயை ஒட்டிப் போகிறது. எதிரி தெற்கிலிருந்து வருவான் என்பதால் அரண்கள் பெரும்பாலும் வடகரையில், கால்வாய் நீர் நடுவே தடை. ஹங்கர்ஃபோர்டு ஸ்டேஷனில் இறங்கிக் கால்வாய்ப் பாதையில் கின்ட்பரி ஸ்டேஷன் வரை நடந்தால் இந்த ஏற்பாடு முழுவதையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம். பாதை பொதுவழி, சமதளம். குழந்தைகளோடு போகலாம். லண்டனில் இருக்கிறவர்களுக்கு முதல் நடையாக நான் சொல்வது இதைத்தான்.

அடுத்து எங்கே போகலாம்

கிழக்கு சசெக்ஸின் பெவன்சி கோட்டைக்குக் கட்டாயம் போங்கள். பெவன்சி அண்ட் வெஸ்தாம் ஸ்டேஷனிலிருந்து பக்கம்தான். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியர் கட்டிய கடற்கரைக் கோட்டை அது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடிக்க வந்த நார்மண்டியின் வில்லியம் பெவன்சியில்தான் கரையிறங்கினார். அந்த மதிலுக்குள்ளேயே நார்மன்களும் பிறகு கோட்டை எழுப்பினார்கள். 1940-இல் அதே கடற்கரை மீண்டும் ஆபத்தான இடமாயிற்று. பழைய மதிலின் இடிந்த உச்சிகளில் இயந்திரத் துப்பாக்கிக் கூடுகளைக் கட்டி, வெளிப்புறத்தைப் பழைய கல்லால் மூடினார்கள். மதிலை மெதுவாகக் கண்ணால் தடவிக்கொண்டே வாருங்கள். சிதைந்த கல்லுக்கு நடுவில் திடீரென ஒரு நேர்கோடு, ஒரு செவ்வகத் துளை தெரியும். அது ரோமானியருடையது அல்ல. போர் முடிந்ததும் இவற்றை அகற்றாமல், கோட்டையின் வரலாற்றில் இதுவும் ஒரு பகுதி என்று விட்டுவைத்தார்கள். அந்த முடிவுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். எத்தனையோ கோட்டைகளில் ‘அசல்’ வடிவத்தைக் காட்டுவதாகச் சொல்லிப் பின்னால் வந்ததையெல்லாம் இடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

அதே மாவட்டத்தில் போடியம் கோட்டை வளாகத்தில் ராதர் ஆற்றுப் பாலத்தைக் காக்கும் டைப் 28ஏ ஒன்று இருக்கிறது. கக்மியர் ஹேவனில் அரண், டாங்கித் தடை, குழி எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில். சர்ரேயில் வேவர்லி அப்பே என்ற மடத்தின் இடிபாட்டை ஒட்டி வே ஆற்றங்கரையில் ஜிஹெச்க்யூ கோட்டின் அரணும் கான்கிரீட் தடைகளும் கிடக்கின்றன. அங்கிருந்து தூரமில்லாத ஹாங்க்லி காமனில் வேறொரு விதமான சுவர் உண்டு. 1943-இல் கனடியப் படையினர் ஐரோப்பாவின் மேற்குக் கடற்கரையில் ஜெர்மானியர் எழுப்பிய அட்லாண்டிக் அரணைப் போலவே 100 மீட்டர் நீளத்துக்குக் கட்டி, அதை எப்படி வெடிவைத்துப் பிளப்பது என்று பழகினார்கள். பிளந்த வாயில் கம்பிகள் முறுக்கி நிற்கின்றன. ஸ்காட்லாந்தில் ஃபைஃப் கரையில் டென்ட்ஸ்மியூர் காட்டோரம், நாடிழந்து வந்த போலந்து வீரர்கள் 1941-இல் ஊற்றிய கான்கிரீட் கட்டைகள் மைல்கணக்கில் வரிசையாகப் போகின்றன.

கடைசிப் படி: எழுதி அனுப்புங்கள்

பார்த்ததைப் பதிவு செய்தால்தான் வேலை முடிந்தது. நாலு பக்கமும் படம் எடுங்கள், ஒவ்வொன்றிலும் அளவுக்கு ஒரு குச்சியோ ஆளோ நிற்கட்டும். ஒவ்வொரு துளைக்குள்ளிருந்தும் வெளியே தெரியும் காட்சியையும் ஒரு படம் எடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் பின்னால் வருகிறவருக்கு மிகவும் பயன்படுவது அதுதான். சர்வே வரைபடத்தின் கட்டக்குறியை இரண்டு எழுத்தும் எட்டு இலக்கமுமாகக் குறியுங்கள். ஆறு இலக்கம் 100 மீட்டர்ச் சதுரத்தைத்தான் சொல்லும், புதர்க்காட்டில் அது போதாது. எட்டு என்றால் 10 மீட்டர். வகை, தடிமன், சென்ட்ரிங் பலகையா செங்கல்லா தகரமா, துளைகளின் திசை, இன்றைய நிலை, பார்த்த தேதி. இதை அந்தந்த மாவட்டத்தின் வரலாற்றுச் சூழல் பதிவேட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதிகாரியின் முகவரி மாவட்ட மன்றத் தளத்தில் இருக்கும். கட்டுமான அனுமதி கேட்டு யாராவது விண்ணப்பித்தால் அந்தப் பதிவேட்டைத்தான் புரட்டுவார்கள். அதில் இல்லாத அரணுக்கு வாதாட ஆள் கிடையாது.

பிரிட்லிங்டனுக்குத் தெற்கே ஃபிரேஸ்தார்ப் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஹோல்டர்னெஸ் கரையின் களிமண் மேட்டைக் கடல் ஆண்டுதோறும் தின்கிறது. மேட்டின் மேல் கட்டிய அரண்கள் இன்று மணலில் கவிழ்ந்து கிடக்கின்றன. அலைநேர அட்டவணை பார்த்து, நீர் இறங்கும் நேரத்தில் போங்கள், மேட்டின் அடியில் நிற்காதீர்கள். இன்னும் மேலே நிற்கும் கட்டுமானம் கண்ணில் பட்டால் விளிம்புக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று உள்பக்கமாக நின்று மதிப்பிட்டுத் தேதியோடு எழுதுங்கள். அடுத்த ஆண்டு போகிறவர் அதே இடத்திலிருந்து அதே கோணத்தில் படம் எடுக்க வசதியாக, நீங்கள் நின்ற இடத்தின் கட்டக்குறியையும் சேர்த்து அனுப்புங்கள்.